இரண்டு நீலங்கள்

துறைமுகத்தில் கண்டெய்னர்களைக் கேமரா வைத்துக் கண்காணிக்கும் ஒரு கம்பெனி தூத்துக்குடிக்கு வந்தபோது, அவர்களுடைய போர்டு வேலை முழுவதும் நான் டிசைனராக இருந்த ஃபிளெக்ஸ் கடைக்குக் கிடைத்தது. அதுவரை சடங்கு வீடு, கட்சிக்காரர் வரவேற்பு, கண்ணீர் அஞ்சலி என்றுதான் என் வேலை போய்க்கொண்டிருந்தது. வருகிறவர்கள் என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, முகத்தைப் பெருசாக்கு, மஞ்சளைக் கூட்டு, அந்த இடம் சும்மா கிடக்கே அதில் ஒரு பூவைப் போடு என்பார்கள்.

இந்தக் கம்பெனி ஒரு விதிப்புத்தகம் அனுப்பியது. லோகோவை இழுக்கக் கூடாது, சாய்க்கக் கூடாது, நிழல் போடக் கூடாது. சுற்றிலும் இவ்வளவு வெற்றிடம் விட வேண்டும். நீலம் இந்த நீலம்தான், வேறு நீலம் கிடையாது. கடை முதலாளி அண்ணாச்சி அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, பொண்ணு பாக்கப் போற மாதிரி இத்தனை கண்டிஷன்" என்று சிரித்தார். எனக்கு அந்தப் புத்தகம் பிடித்திருந்தது. சும்மா கிடக்கும் இடத்துக்கும் ஒரு மரியாதை உண்டு என்று முதல்முறையாக யாரோ எழுதி வைத்திருந்தார்கள்.

போர்டுகளை மாட்டியது எங்கள் கடை ஃபிட்டர். மாப்பிள்ளையூரணிக்காரர். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர் என்பதால் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். உயரத்தில் இருக்கும்போது பாட மாட்டார், பேச மாட்டார். கீழே இறங்கியதும் இரண்டுக்கும் சேர்த்துப் பேசித் தீர்ப்பார். ஹார்பர் ரோட்டில் இருந்த அவர்கள் கண்டெய்னர் யார்டின் வாசலில் முதல் போர்டை மாட்டிய அன்று கம்பெனிக்காரர்கள் அவருக்கு ஒரு டி-ஷர்ட் கொடுத்தார்கள். நெஞ்சில் லோகோ போட்டது. அதைப் போட்டுக்கொண்டு கொழுந்தியாள் கல்யாணத்துக்கே போய் வந்தார். "எந்தக் கம்பெனின்னு கேக்கானுவ. நானும் சும்மா சிரிச்சுக்கிட்டேன்" என்று எங்களிடம் வந்து சொன்னார்.

ஒரு வருடத்துக்குள் வாசல் போர்டு வெளுத்துவிட்டது. எங்கள் ஊர் வெயிலும் உப்புக் காற்றும் நிலக்கரித் தூசியும் எந்த நிறத்தையும் விட்டுவைப்பதில்லை. உள்ளே அலுவலகக் கட்டடத்தில் புதிதாக மாட்டிய போர்டு மட்டும் பளிச்சென்று இருந்தது.

ஆடி மாதத்தில் பெங்களூரிலிருந்து ஒரு மேலாளர் வந்தார். லோகோ எங்கெங்கே எப்படி இருக்கிறது என்று பார்ப்பதுதான் அவர் வேலை. சொந்த ஊர் சென்னை, என் வயதுதான் இருக்கும், எல்லோரையும் வாங்க போங்க என்றே பேசினார். நிறம் பார்ப்பதற்காக அண்ணாச்சி என்னையும் யார்டுக்கு அழைத்துப் போயிருந்தார். மேலாளர் வண்ண அட்டையைத் தூக்கிப் பிடித்து வாசல் போர்டைப் பார்த்தார், திரும்பி அலுவலகப் போர்டைப் பார்த்தார்.

"ரெண்டும் ரெண்டு நீலம். நாளைக்குக் காலையில வெளிநாட்டுலேருந்து எங்க தலைவர் வர்றார். இதை இப்படியே விட முடியாது."

வெளுத்ததற்கு மாற்றாக அடித்த போர்டு கடையில் ஏற்கெனவே தயாராக இருந்தது. மதியம் அதை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஃபிட்டர் அண்ணன் வந்தார். காற்று அப்போது மண்ணை வாரி முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. அவர் கையால் கண்ணை மறைத்துக்கொண்டு மேலே பார்த்தார்.

"சார், காத்து இப்ப ஏற விடாது. தகடு கப்பல் பாய் மாதிரி காத்தப் புடிச்சுக்கிடும். சாயங்காலம் கொஞ்சம் அடங்கும், அப்ப மாட்டிருதேன்."

"சாயங்காலம் போட்டோ எடுக்க ஆள் வர்றாங்க. அதுக்குள்ள முடிஞ்சாகணும். இப்பவே ஏறிடுங்க, ப்ளீஸ்."

அண்ணன் அண்ணாச்சியைப் பார்த்தார். அண்ணாச்சி என்னைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தபடி, "பாத்து ஏறுடே" என்றார்.

பழைய போர்டைக் கழற்றி இறக்கிவிட்டார். புதியதைக் கயிறு கட்டி மேலே இழுத்து, ஒரு பக்கம் போல்ட் போட்டாகிவிட்டது. மறுபக்கத்துக்கு நகர, இடுப்பில் கட்டியிருந்த பாதுகாப்பு பெல்ட்டின் கொக்கியைக் கழற்றிய நேரத்தில் காற்று தகட்டைத் தூக்கியது. அது அவரைத் தள்ளியதை நான் பார்த்தேன். விழுந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. பக்கத்தில் லாரிகள் உறுமிக்கொண்டிருந்தன.

ஓடினோம். மூச்சு இருந்தது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு அண்ணாச்சி அவர் தலைமாட்டில் உட்கார்ந்து, "ஏலே, ஏலே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். லாரி டிரைவர்கள் கூடிவிட்டார்கள். சிலர் செல்போனில் படம் பிடித்தார்கள். கழற்றிய பழைய போர்டு அவருக்குப் பக்கத்தில் லோகோ மேலே தெரியும்படி கிடந்தது. மேலாளர் வந்து, குனிந்து, அதைக் கவிழ்த்துப் போட்டார்.

அரசு மருத்துவமனையில் மறுநாள் விடிகாலையில் அண்ணன் இறந்துபோனார்.

கண்ணீர் அஞ்சலி பேனர் என் கம்ப்யூட்டருக்குத்தான் வந்தது. அவர் மச்சினர் அனுப்பிய படத்தில் அந்த டி-ஷர்ட்டோடு சிரித்துக்கொண்டிருந்தார். தனியாக நின்று எடுத்த படம் அது ஒன்றுதான். அது ஏற்கெனவே வாட்ஸ்அப்பில் சுற்றத் தொடங்கியிருந்தது. நான் வேலையைத் தொடங்கும் முன்பே அண்ணாச்சிக்குக் கம்பெனியிலிருந்து போன். பேசி முடித்துவிட்டு என் மேஜைக்கு வந்தார்.

"அந்த லோகோவ எடுத்துரும்மா. சாவு பேனர்ல வரக் கூடாதாம். அவன் அவங்க ஆளுன்னு நெனச்சிருவாங்களாம்."

"அவங்க வீட்டுல கேட்டுட்டு எடுக்கேன் அண்ணாச்சி."

மாப்பிள்ளையூரணிக்குப் போனேன். அண்ணனின் மனைவி இறால் கம்பெனியில் உரிக்கிற வேலை பார்ப்பவர். பெண்களுக்கு நடுவில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் உள்ளதை அப்படியே சொன்னேன்.

"அவியளுக்கு அவரு வேண்டாம்னா, அவருக்கும் அது வேண்டாம். எடுத்துரு" என்றார். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "ஏளா, நீ அங்கன தான நின்ன? இந்தக் காத்துல அவர யாரு ஏறச் சொன்னா?"

சொன்னேன். சாயங்காலம் மாட்டுவதாக அண்ணன் சொன்னதையும், மேலாளர் சொன்னதையும், அண்ணாச்சி சொன்னதையும்.

கடைக்குத் திரும்பி, படத்தில் அண்ணன் நெஞ்சில் இருந்த லோகோவை அழித்தேன். சட்டையின் மடிப்பிலிருந்து துணியை நகலெடுத்து அதன்மேல் வைத்து மூடினேன். அப்படி ஒன்று அங்கே இருந்ததாகவே யாருக்கும் தெரியாது. என் வேலை சுத்தமாக இருந்தது.

சில மாதம் கழித்துத் தொழிலாளர் துறையில் விசாரணை வந்தது. காற்று அடங்கட்டும் என்று தாங்கள் எச்சரித்ததாகவும், கடைக்காரர்தான் ஆளை ஏற்றியதாகவும் கம்பெனி சொன்னது. அந்த மேலாளரை அழைத்து வரவில்லை. அவர் வேலையை விட்டுவிட்டார் என்றார்கள். அவர்களே கொடுத்த சட்டைதானே என்று அண்ணனின் மனைவி கேட்டபோது, கம்பெனி வக்கீல் குரலை உயர்த்தாமல் பதில் சொன்னார்: ஊழியர் அல்லாத ஒருவர் அந்தச் சட்டையை அணிந்ததே லோகோவை முறைகேடாகப் பயன்படுத்தியதுதான்.

நான் கேட்டதைக் கேட்டபடி சாட்சி சொன்னேன். அதில் அண்ணாச்சி சொன்னதும் இருந்தது. வெளியே வேப்பமரத்தடியில் அவர் என்னிடம் வந்தார். "நான் என்னம்மா செய்ய? அவங்க வேலைய நம்பித்தான் புது மெஷினே எடுத்தேன்." கோபம் இல்லை, அழுகிறவர் குரல். "நாளையிலருந்து கடைக்கு வராத. உன் மூஞ்சில முழிக்க எனக்கு முடியல."

உத்தரவு வந்தது. பொறுப்பு கடை முதலாளியுடையது மட்டும். கம்பெனியின் பெயர் அதில் எங்கேயும் இல்லை. அண்ணாச்சி மெஷினை விற்று நஷ்டஈட்டைக் கட்டினார், கடையும் போனது. நான் இப்போது ஒரு கல்யாணப் பத்திரிகை அச்சகத்தில் இருக்கிறேன்.

தீபாவளி, பொங்கல் என்று ஏதாவது சாக்கு வைத்து அண்ணனின் மனைவியைப் போய்ப் பார்ப்பேன். போன பொங்கலுக்குப் போனபோது காப்பி கொடுத்தார். குடித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னார்.

"ஏளா, உன் மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. ஆனா நீ வந்துட்டுப் போனா ரெண்டு நாளைக்கு எனக்கு அந்த யார்டுதான் கண்ணுக்குள்ள நிக்கி. இனும வராத, என்னா."

டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு போகவில்லை.