"எடுத்துக்கிட்டேன்" என்று சொன்ன தேவராஜ்

தேவராஜ் மறைந்த செய்தி, அலுவலக வாட்ஸ்அப் குழுவில் பணிநேர மாற்றத்துக்கும் ஒருவருடைய பிறந்தநாள் வாழ்த்துக்கும் நடுவே வந்தது. மாரடைப்பு. வாழ்த்துக்குத்தான் அதிகம் பேர் பதில் போட்டிருந்தார்கள்.

அவர் பெங்களூரில் விமானங்களுக்கு வழிசொல்லும் கட்டுப்பாட்டாளர். நான் பல ஆண்டுகள் அவருக்குப் பக்கத்து ரேடார் திரையில் வேலை பார்த்தவள். அவர் கோலார் தங்கவயல் சுரங்கத் தொழிலாளியின் மகன். "அப்பா கீழ எறங்குனாரு, நான் மேல பாக்குறேன். ரெண்டு பேருக்கும் மிச்சம் கழுத்துவலி" என்பார்.

எங்கள் வேலையில் ஆள் மாறும்போது, எழுபவர் வானத்தில் இருப்பதையெல்லாம் சொல்ல வேண்டும். அமர்பவர் "எடுத்துக்கிட்டேன்" என்றதும் எல்லாம் அவர் பொறுப்பு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மதியம், எழுந்தவர் எங்கள் சக ஊழியர் பிரகாஷ், அமர்ந்தவர் தேவராஜ். ஒரு விமானத்தை இறங்கச் சொல்லிவிட்டு, அதைத் திரையில் குறிக்கவில்லை, வாயாலும் சொல்லவில்லை. சாப்பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டே போய்விட்டார். அது அதே உயரத்தில் போகிறது என்று நம்பிய தேவராஜ், கீழிருந்த இன்னொன்றை ஏறச் சொன்னார். இரண்டும் நெருங்கி, விமானிகள் எச்சரிக்கை மணி கேட்டு விலகினார்கள். யாருக்கும் கீறல்கூட இல்லை.

பிரகாஷ் அதைச் சொல்லாமலே போனார் என்று விசாரணையில் நான் சொன்னேன். அதிகாரி ஒன்றை மட்டும் கேட்டார்: "எடுத்துக்கிட்டேன்னு சொன்னது யாரு?"

"நான்தான் சார்" என்றார் தேவராஜ்.

அவருடைய ரேடார் இருக்கை போயிற்று. கீழ்த்தளத்தில் கோப்பு வேலை கொடுத்தார்கள். பிரகாஷ் எங்கள் மேலதிகாரியானார். கேன்டீனில் அவர் தேவராஜைப் பார்த்து, "குரு, பார்க்கிங்ல ரெண்டு ஸ்கூட்டர் கிட்ட கிட்ட வருதாம், ஓடிப்போய்ப் பாரு!" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். தேவராஜும்.

"நீங்க ஏன் சிரிக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"ரேடார் சீட்டத் திருப்பிக் குடுக்கக் கையெழுத்துப் போடப்போறது அவன்தானே மேடம்."

மறுதேர்வில் தேறினார். கையெழுத்து வரவில்லை. "இன்னும் கொஞ்சம் ஆறட்டும்" என்றார் பிரகாஷ்.

அடக்கத்தன்று மர்பி டவுன் வீட்டுக்கு ரோஜா மாலையோடு வந்த பிரகாஷிடம், தேவராஜின் மனைவி எஸ்தர் கைகூப்பினார். "போன வருசமே சீட்டத் திருப்பிக் குடுத்தீங்களாமே சார். வீட்ல உங்க பேரச் சொல்லி ஜெபம் பண்ணோம்."

"அவரோட திறமைம்மா" என்றார் பிரகாஷ், கண் தாழ்த்தி.

எனக்குப் பொறுக்கவில்லை. எஸ்தரைத் தனியே அழைத்து, அது உண்மையில்லை என்றேன்.

"தெரியும் மேடம். ஷிஃப்ட் பாக்கறவரு தெனமும் சாயங்காலம் ஆறு மணிக்கா வீட்டுக்கு வருவாரு? எங்க வீட்டுக்காரரு எங்களுக்காகப் பொய் சொன்னாரு, நாங்களும் நம்புன மாதிரியே இருந்துட்டோம். இந்தாளு வாயால என்ன வருதுன்னு கேக்கணும்னு தோணுச்சு. நடந்ததையெல்லாம் நீங்க எழுதுங்க."

கல்லறையில் பெட்டி இறங்கியதும் எஸ்தர் சத்தமாக அழைத்தார்: "பிரகாஷ் சார், மொத மண்ணு நீங்கதான் போடணும்."

போட்டார். பிறகு கைக்குட்டையால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டார்.

போய் வாருங்கள், தேவராஜ். உங்கள் பொய்யை வீட்டில் ஒருவரும் நம்பவில்லை. உங்களை நம்பினார்கள்.