லொறி போகாத வீதி

அக்காவின் புது வீட்டுக் குடிபூரலுக்கு வைத்த நிறைகுடம் பித்தளை. யாழ்ப்பாணத்திலிருந்து யாரோ ஒரு உறவினரின் பெட்டிக்குள், உடுப்புகளுக்கு நடுவில் சுற்றப்பட்டு ஜேர்மனிக்கு வந்தது. வயிற்றில் ஒரு நசுங்கல் இருந்தது. அதை விளிம்பு முட்ட நிரப்பி, தமிழ்க்கடையில் வாங்கிய வாடல் மாவிலைகளைச் செருகி, தேங்காயை வைத்து, வாழையிலையில் பரப்பிய அரிசியின் மேல் இருத்தினோம். வடக்கே நீடர்சாக்சன் மாநிலத்தில், செங்கல் வீடுகளையும் பசுக்களையும் தவிரக் காட்ட ஒன்றுமில்லாத ஒரு கிராமம் அது. ஐயர் பூசையை முடித்துப் புறப்பட்டுவிட்டார், சாப்பாட்டுக்கு இலை போடத் தொடங்கியிருந்தோம். அப்போதுதான் குடம் ஆடியது. தேங்காய் விளிம்பில் தட்டியது, தண்ணீர் அரிசியில் சிந்தியது, அலுமாரியில் இருந்த எவர்சில்வர் பேணிகள் கலகலத்தன. காலுக்கடியில் ஒரு உறுமல் வந்து அடங்கியது.

எங்கள் ஊர்ச்சனம் ஒருவரும் யோசித்து நிற்கவில்லை. பட்டுச்சேலையோடும் வேட்டியோடும் அத்தனை பேரும் நிலத்தில் குப்புற விழுந்தோம். நானும்தான். காதைப் பொத்திக்கொண்டு வாயைத் திறந்து வைத்திருந்தேன். ஷெல் விழுகிறபோது அப்படித்தான் கிடக்கவேண்டும் என்று சிறு வயதில் உடம்புக்குள் ஏறியது, இன்னும் இறங்கவில்லை. பக்கத்து வீட்டு ஜேர்மன்காரி, பால்பண்ணை அம்மா, தான் சுட்டுக்கொண்டு வந்த கேக்கைக் கையில் ஏந்தியபடி கதவடியில் நின்று எங்களைத் திகைத்துப் பார்த்தார். விழாத இன்னொருவர் அத்தான், அக்காவின் கணவர். அலுமாரியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

“ஒண்டுமில்லை. லொறி போகுது. எழும்புங்கோ” என்றார் அத்தான்.

எல்லாரும் வெட்கப்பட்டுக்கொண்டு எழும்பினோம், சேலையைத் தட்டினோம், ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். ஆனால் அந்த வீதியில் லொறி போகாது. பால்பண்ணையின் மேய்ச்சல் நிலத்தில் போய் முடிகிற வீதி அது.

அத்தானுக்கு அது என்னவென்று நன்றாகத் தெரியும். அந்தக் கிராமத்தைச் சுற்றியிருந்த வாயுக் கிணறுகளில்தான் அவருக்கு வேலை. ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் ஒற்றைப் பையோடு வந்திறங்கி, வேலை செய்ய அனுமதியில்லாமல் அகதிக் காம்பில் கிடந்து, பிறகு ஹோட்டல்களில் கோப்பை கழுவி, கடைசியில் பிடித்த வேலை. அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி முடித்த தாள் இல்லாத மனிதரை நம்பி வேறு யாரும் அப்படிச் சம்பளம் கொடுக்கவில்லை. வங்கி வீட்டுக்குக் கடன் கொடுத்ததும் அந்த வேலையைப் பார்த்துத்தான். தான் செய்வதை எனக்கு அவர் ஆசையாக விளங்கப்படுத்துவார். ஆழத்தில் இறுகிக் கிடக்கும் மணற்கல்லுக்குள் வாயு இருக்கிறது. தண்ணீரும் மணலும் கொஞ்சம் இரசாயனமும் கலந்து, பெரிய அழுத்தத்தில் அடித்து அந்தக் கல்லை வெடிக்க வைக்கவேண்டும். “காத்து உள்ளுக்கை அடைபட்டுக் கிடக்குது. நாங்கள் ஒரு வழி விடுறம், அவ்வளவுதான்” என்பார். பனிக்காலத்தில் நான் போனால் ஹீட்டரைத் திருகிவிட்டு, “இந்தச் சூடு நான் அனுப்பினது, மச்சாள்” என்று பெருமையடிப்பார். அந்தப் பெருமை எனக்குப் பிடிக்கும். எத்தனையோ வருடம் யாருக்கும் தேவைப்படாமல் இருந்த மனிதர் அவர்.

அவர் விரிவாகச் சொல்லாதது, வாயுவோடு சேர்ந்து மேலே வருகிற தண்ணீரைப் பற்றி. பாதரசமும் பென்சீனும் கலந்த உப்புத் தண்ணீர் அது. அதைக் குழாய்களில் கொண்டுபோய், வாயு தீர்ந்துபோன இன்னொரு கிணற்றுக்குள் திரும்ப இறக்கிவிடுவார்கள். அப்படிப் போகிற பிளாஸ்டிக் குழாய் ஒன்று பால்பண்ணை அம்மாவின் மேய்ச்சல் நிலத்துக்குக் கீழால் போனது. அதிலிருந்து கொஞ்சத் தூரத்தில்தான் அவருடைய குடிதண்ணீர்க் கிணறு. மாடுகளுக்கும் அந்தத் தண்ணீர்தான், அவருடைய கோப்பிக்கும் அந்தத் தண்ணீர்தான். ஒருநாள் பின்னேரம் முற்றத்தில் சப்பாத்தைக் கழுவிக்கொண்டிருந்த அத்தான் அக்காவிடம், “குழாய் வேர்க்குது, அவவின்ரை காணிக்குக் கீழை” என்றாராம். உள்ளே ஓடுவது கசிந்து மண்ணில் இறங்குகிறது என்று அர்த்தம். மேலதிகாரியிடம் சொல்லிவிட்டேன், பார்ப்போம் என்றவர், நீ வாயைத் திறக்காதே என்றும் சொன்னாராம். யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர்ப் பக்கம் கிணறுகளில் கழிவெண்ணெய் படிந்த கதையை அப்போதுதான் அக்கா தொலைபேசியில் கேட்டிருந்தார்.

நில அதிர்வுகள் இடைக்கிடை வந்தன. குசினிச் சுவரில் ஒரு வெடிப்பு ஓடியது. அத்தான் சனிக்கிழமைகளில் அதைப் பூசுவார், அது மறுபடியும் திறக்கும். கல்லை உடைப்பதாலா, வாயுவை எடுத்தபின் நிலம் இறங்குவதாலா என்று படித்தவர்கள் பிரித்துப் பேசினார்கள். குப்புறக் கிடந்த எங்களுக்கு அதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. கடைசியில் தீயணைப்பு நிலைய மண்டபத்தில் ஊர்க்கூட்டம் வைத்தார்கள். அன்று நானும் அக்காவோடும் அத்தானோடும் போயிருந்தேன். கம்பனிக்காரர் நல்ல உடுப்போடு வந்து, ஊர் நீச்சல்குளத்துக்குத் தாங்கள் கொடுத்ததையும், எத்தனை குடும்பங்கள் தங்களால் சாப்பிடுகின்றன என்பதையும் சொன்னார். அதில் ஒன்றும் பொய்யில்லை. பிறகு பால்பண்ணை அம்மா எழுந்தார். கம்பனிக்காரரை விட்டுவிட்டு அத்தான் பக்கம் திரும்பி, நீங்கள் அங்கே வேலை செய்கிறீர்கள், எனக்குப் பக்கத்து வீடு, என் கிணறு நல்லதா என்று நேராகக் கேட்டார். மண்டபம் முழுக்க அத்தானைப் பார்த்தது.

“எனக்குத் தெரியாது” என்று டொச் மொழியில் சொன்னார் அத்தான்.

அந்த அம்மா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். எனக்கு வந்த கோபத்தில் எழும்பி வெளியே போய்விட்டேன். குளிரில் நின்று யோசித்தபோது, வீடும் கடனும் குடும்பமும் என் தலையில் இருந்திருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

மறுநாள் அக்கா வேலியைத் தாண்டிப் போனார். அதற்கு முன் அத்தானுக்குச் சொல்லிவிட்டுத்தான் போனார். “வேலை போனால் நானும் கோப்பை கழுவுறன். அந்த மனுசி தண்ணியைக் குடிக்கிறதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னாலை ஏலாது” என்றாராம். அத்தான் தடுக்கவில்லை, கூடப் போகவும் இல்லை. பால்பண்ணை அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அக்காவின் கையைப் பிடித்தாராம். யார் சொன்னது என்று அவர் யாருக்கும், எங்கேயும், கடைசிவரை சொல்லவில்லை. கிணற்றைச் சோதிக்கும்படி தானாகக் கேட்டதுபோலக் கேட்டார். தண்ணீரில் இருப்பது அனுமதித்த அளவுக்குள்தான் என்று பதில் வந்தது. ஆனாலும் கம்பனி முன்னெச்சரிக்கை என்று சொல்லிக் குழாயைத் தோண்டி எடுத்து, மண்ணையும் லொறி லொறியாக ஏற்றிக்கொண்டு போனது. அந்த வீதியில் லொறி போனது அப்போதுதான்.

அத்தானின் வேலை போகவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து பால் வருவதும் நிற்கவில்லை, போத்தலை அந்த அம்மாவே கொண்டுவந்து படியில் வைப்பார். அத்தான் மட்டும் தேநீரைப் பாலில்லாமல் குடிக்கத் தொடங்கினார். பால் கூடாதென்று பயந்தா, அதைக் குடிக்க மனம் வராமலா என்று நான் கேட்டதில்லை. சில வருடங்களுக்குப் பிறகு அந்த அம்மாவுக்கு இரத்தப் புற்றுநோய் வந்தது. கிணற்றால் வந்தது என்று சொல்ல எந்த வைத்தியராலும் முடியவில்லை. கிணற்றால் வரவில்லை என்று சொல்லவும் யாரும் முன்வரவில்லை. அடக்கத்தன்று அக்கா உள்ளே போனார். அத்தான் இடுகாட்டு மதிலுக்கு வெளியே, கறுப்புக் கோட்டோடு, எல்லாரும் கலைந்து போகும்வரை நின்றார்.

பிறகு கிழக்கே போர் தொடங்கி வாயுவுக்குத் தட்டுப்பாடான குளிர்காலம் வந்தது. அன்று மண்டபத்தில் கம்பனிக்கு எதிராகக் கத்திய அதே ஆட்கள், இங்கேயே இன்னும் தோண்டினால் என்ன என்று கேட்கத் தொடங்கினார்கள். அத்தான் உடைத்த மணற்கல்லைப் போலில்லை, களிப்பாறையை உடைத்து வாயு எடுத்து விற்க இந்த நாட்டில் தடை. ஆனால் கடலுக்கு அப்பால் யாரோ உடைத்து எடுத்ததைக் கப்பலில் வாங்கி எரிக்கிறோம். அங்கேயும் ஒரு மேய்ச்சல் நிலம் இருக்கும், ஒரு கிணறு இருக்கும். என் வீட்டு ஹீட்டருக்கும் அதுதான் வருகிறது, நானும் திருகிவிட்டுத்தான் படுக்கிறேன்.

போன வருடம் ஹனோவரில், பெரிய வீதியோரமாக, நானும் என் கணவரும் ஒரு வீடு வாங்கினோம். அக்கா அதே பித்தளைக் குடத்தைக் கொண்டுவந்து விளிம்பு முட்ட நிரப்பி வைத்தார். ஓய்வுபெற்று மெலிந்துபோன அத்தான் அதற்கு எதிரே கதிரையில் இருந்தார். குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மாவிலை நுனிகள் நடுங்கின, யன்னல் கண்ணாடி லேசாக அதிர்ந்தது. யாரும் விழவில்லை, ஆனால் எல்லாரும் குடத்தைத் திரும்பிப் பார்த்தோம். “லொறி, லொறி” என்றார் என் கணவர் சிரித்துக்கொண்டு. அவருக்கு அந்தப் பழைய கதை தெரியாது.

அத்தான் எழும்பி யன்னலடிக்குப் போய், கீழே வீதியை எட்டிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார்.

“ஓம்,” என்றார், எங்கள் பக்கம் திரும்பாமல். “இது லொறிதான்.”

அக்கா கையிலிருந்த பாயாசச் சட்டியை மேசையில் வைத்துவிட்டுப் போய் அவருக்குப் பக்கத்தில் நின்றார்.