ஆண்டவருடைய தம்பிமாரும் எங்கள் அந்தோணி அண்ணனும்

சாரல் காலத்தில் எங்கள் வீட்டுக்குள் ஒரு வாசனை இருக்கும். காயாத துணியின் வாடையும், அந்தத் துணியை உலர்த்த அம்மா கணப்புச் சட்டியில் போடும் சிரட்டையின் புகையும், தூத்துக்குடியிலிருந்து மாமா ஓலைப்பெட்டியில் கொண்டுவரும் கருவாட்டின் வீச்சமும் கலந்த வாசனை அது. இன்றைக்கும் ஆனி மாதத்தில் மேற்கே மலை மூடிக்கொண்டு காற்று ஈரமாக வீசினால் முதலில் அதுதான் எனக்கு வருகிறது. அதன் பின்னாலேயே இரண்டு ஆண்கள் உரக்க வாதாடும் சத்தமும் வந்துவிடுகிறது.

அப்பா தென்காசியில் சபையார் நடத்திய சின்னப் பள்ளிக்கூடம் ஒன்றில் வாத்தியார். பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலேயே எங்கள் வீடு. அப்பா புரோட்டஸ்டண்டு, அம்மா பிறந்தது கடற்கரைப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பத்தில். கல்யாணத்தின்போது அம்மா எங்கள் சபைக்கு மாறிவிட்டாள் என்றாலும், அவளுடைய ஜெபமாலை அரிசிப் பானைக்குள் கிடந்தது. அது அப்பாவுக்கும் தெரியும். தெரியாத மாதிரியே இருப்பார்.

மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், வருஷந்தோறும் குற்றாலத்தில் குளிக்க வந்து எங்கள் வீட்டில் தங்குவார். காலையில் அப்பாவும் அவரும் வண்டி கட்டி அருவிக்குப் போய், கண் சிவக்கக் குளித்துத் திரும்பி, வயிறு முட்டச் சாப்பிட்டு முன்னறையில் பாயை விரித்தால், பேச்சு எங்கே தொடங்கினாலும் ஒரே இடத்தில்தான் போய் நிற்கும். ஆண்டவருக்குக் கூடப்பிறந்த தம்பிமார் உண்டா, இல்லையா?

வேதத்தில் ஆண்டவருடைய சகோதரர் என்று சிலர் பேரோடு வருகிறார்கள். அவர்கள் மரியாள் வயிற்றில் பின்னால் பிறந்த பிள்ளைகள், எழுதியிருப்பதை எழுதியபடிதான் எடுக்க வேண்டும் என்பது அப்பாவின் கட்சி. மாதாவுக்கு ஒரே பிள்ளைதான், மற்றவர்கள் மாதாவின் சகோதரி பிள்ளைகள் என்பது மாமாவின் கட்சி.

"ஏன் மாப்பிள்ளை, நம்ம ஊர்ல பெரியம்மா மகனை என்னன்னு கூப்பிடுதோம்? அண்ணன்னு தானே? அந்த நாட்டுலயும் அப்படித்தான்" என்பார் மாமா.

"மச்சான், அருவித் தண்ணி உமக்கு மண்டைக்குள்ள எறங்கிட்டு" என்பார் அப்பா.

"எனக்காவது எறங்க எடம் இருக்கு."

சிலுவையடியில் ஆண்டவர் தம் தாயைச் சீஷன் ஒருவன் கையில் ஒப்படைத்தாரே, சொந்தப் பிள்ளைகள் வேறு இருந்தால் அப்படிச் செய்வாரா என்று மாமா மடக்குவார். அந்தத் தம்பிமார் அப்போது அவரை நம்பவில்லை, நம்பாதவன் வீட்டில் தாயை எப்படி விடுவார் என்று அப்பா திருப்புவார். அம்மா அடுப்படியிலிருந்து, "ரெண்டு பேரும் கூட இருந்து பிள்ளைப்பேறு பாத்த மாதிரியில்ல பேசுதிய" என்பாள். சிரிப்போடு அன்றைய வாதம் முடியும். நான் கூச்சப்பட்ட பெண்பிள்ளை. கதவுக்குப் பின்னால் நின்று கேட்டதில்தான் வேதத்தில் பாதி எனக்குத் தெரிந்தது.

இனி அந்தோணி அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் என் பெரியம்மா மகன். பெரியம்மாவும் பெரியப்பாவும் ஒரே வாரத்தில் "வாந்திபேதி"யில் போய்விட்டார்கள். அப்போது அவன் பால்குடி மறக்காத பிள்ளை, நான் பிறக்கவேயில்லை. சாகுமுன் பெரியம்மா அவனை அம்மா மடியில் தூக்கிப் போட்டாளாம். முறைப்படி தாய்மாமன் வீட்டுக்குத்தான் அவன் போயிருக்க வேண்டும். ஆனால் மாமாவுக்கு எல்லாம் பெண்பிள்ளைகள். முறைப்பையனைப் பெண்கள் இருக்கிற வீட்டில் வைத்து வளர்த்தால் ஊர் நாளைக்கு ஒன்று சொல்லும் என்று மாமா கையை விரித்துவிட்டார். எங்கள் வீட்டுப் பெண்களுக்கு அவன் அண்ணன் முறை, பேச்சுக்கு இடமில்லை. அப்படித்தான் அவன் எங்களிடம் வந்தான். அப்பாவை "அப்பா" என்றும் அம்மாவை "அம்மா" என்றும் கூப்பிட்டான். வாத்தியார் வீட்டில் ஏன் "ரோமான்" பேர், கத்தோலிக்கப் பேர், என்று சபையில் கேட்டபோது, "அது அவனைப் பெத்தவன் வச்ச பேரு, அதை மாத்த நான் யாரு?" என்றாராம் அப்பா. அவன் தலைக்கு எண்ணெய் வைப்பதும் காய்ச்சலென்றால் பக்கத்தில் இருப்பதும் அப்பாதான்.

அக்காவுக்குக் கல்யாணம் பேசிய வருஷம் அது. வீரகேரளம்புதூர்ப் பக்கத்தில் சபை ஊழியம் பார்த்த உபதேசியார் ஒருவருடைய மகன்தான் மாப்பிள்ளை. நாள் குறிக்க வந்த உபதேசியாரை அப்பா அருவிக்குக் கூட்டிப்போய்த் திரும்பி, மாமாவோடு சேர்த்து முன்னறையில் உட்கார வைத்தார். கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் சகோதரனுக்குப் போடும் மச்சான் மோதிரத்துக்கு விரல் அளவு வேண்டுமென்று உபதேசியார் கேட்க, அப்பா பெருமையாக, "மூத்தவன் அந்தோணி இருக்கான்" என்றார்.

அதோடு விட்டிருக்கலாம். மாமா சும்மா இருக்காமல் பழைய வாதத்தைத் தொடங்கினார். கத்தோலிக்கப் பெண்ணைக் கட்டியவர் என்று அப்பாவைப் பற்றிச் சபையில் ஒரு முணுமுணுப்பு எப்போதும் உண்டு. சம்பந்தி முன்னால் தம் விசுவாசம் உறுதியானது என்று காட்ட நினைத்தாரோ என்னவோ, அன்றைக்கு அப்பா சிரிக்காமல் வாதாடினார். கழுத்து நரம்பு புடைத்தது.

"அண்ணன்னு கூப்பிட்டா அண்ணன் ஆயிருவானா மச்சான்? வாயால முறை சொல்லலாம். ஒரு வயித்துல பொறக்காதவன் அன்னியன்தான். சகோதரன்னா கூடப்பிறந்தவன். வேதத்துலயும் அதுதான், நம்ம வீட்டுலயும் அதுதான்."

மாமாவுக்குக் கண் மின்னியது. எதிராளியின் காய் தானாக வந்து மாட்டிக்கொண்ட சந்தோஷம் அது.

"அப்போ நம்ம அந்தோணி யாரு மாப்பிள்ளை? எங்க அக்கா மகன்லா? உம்ம கணக்குப்படி அன்னியனா?"

உபதேசியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மூத்த மகன்னு சொன்னீங்க வாத்தியாரே?" என்று மெல்லக் கேட்டார். பிறகு, "கூடப்பிறக்காத வயசுப்பிள்ளை. இது குமருப் பிள்ளைக இருக்க வீடாச்சே" என்றார்.

அந்தோணி அண்ணன் அப்போது காப்பித் தம்ளர்களோடு நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தான். யாரும் அவனைப் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். அவன் உள்ளே வந்து ஒவ்வொருவர் முன்னாலும் சிந்தாமல் ஒரு தம்ளரை வைத்தான். கடைசியில் அப்பா முன்னால் குனிந்து, "காப்பி ஆறிரும், சித்தப்பா" என்றான்.

பெற்ற தாயின் தங்கை கணவரை அழைக்க வேண்டிய சரியான முறைதான் அது. அதுவரை அந்த வீட்டில் யாரும் கேட்டிராதது. அப்பா தம்ளரைத் தொடவில்லை.

அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். வெளி ஆண்கள் முன்னால் வந்து நிற்கிறவள் அல்ல அவள்.

"அண்ணே, மாதாவுக்கு ஒத்தப் பிள்ளைன்னு இம்புட்டுச் சண்டை போடுதியளே. நம்ம அக்காளுக்கும் ஒத்தப் பிள்ளைதான். அதை ஏன் நீங்க கூட்டிட்டுப் போகல?" என்று மாமாவைக் கேட்டாள். பிறகு அப்பா பக்கம் திரும்பினாள். "அவன் தலையில எண்ணெய் வச்ச கைக்குத் தெரிஞ்சது, உங்க வாய்க்குத் தெரியாமப் போச்சே."

மழை ஓட்டின்மேல் விழுந்துகொண்டேயிருந்தது.

உபதேசியார் சம்பந்தத்தை முறிக்கவில்லை. சபையில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்குமுன் பையனை வேறு எங்காவது தங்கவைத்தால் நல்லது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அப்பா சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தை அந்தோணி அண்ணன் தானாகவே முடித்துவைத்தான். ஒரு காலையில் செங்கோட்டை வழியாகப் போகும் ரயிலில் புனலூருக்குப் போய், அங்கே ஒரு மரக்கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். ஸ்டேஷனுக்கு அப்பா கூடப் போனார்.

மச்சான் மோதிரத்தை என் சின்னத் தம்பிக்குப் போட்டார்கள். விரலில் நிற்காமல் அது கழன்று விழ, நூல் சுற்றி மாட்டினார்கள். எல்லாரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. மாமா அடுத்த சாரலுக்கு வரவில்லை. வந்த வருஷங்களிலும் வாதம் இல்லை. குடும்ப ஜெபத்தில் அந்தச் சகோதரர் பேர் வருகிற அதிகாரம் வந்தால், அப்பா அதைத் தம்பியிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார்.

உலகச் சண்டை நடந்த காலத்தில், அரிசிக்கு அலைந்த வருஷத்தில், அம்மா இறந்துபோனாள். அந்தோணி அண்ணன் வந்தான். கல்லறைத் தோட்டத்தில் கூட்டத்தின் கடைசியில், குடை பிடிக்காமல் நின்றான். குழிக்குள் முதல் மண்ணை மூத்த மகன் போடுவது எங்கள் வழக்கம். அப்பாவுக்குப் பார்வை மங்கியிருந்தது. தம்பி முன்னால் வந்தபோது அவன் கையைத் தடவிப் பார்த்துவிட்டு, "நீ இல்லலே. மூத்தவன் எங்க?" என்றார்.

கூட்டம் விலகி வழிவிட்டது. அந்தோணி அண்ணன் வந்து அப்பாவின் பக்கத்தில் நின்றான். ஈர மண்ணை அள்ளினான். அதைத் தம்பியின் உள்ளங்கையில் வைத்து, "நீ போடு தம்பி. நீதான் போடணும்" என்று மெதுவாகச் சொன்னான். உறவுக்காரர்கள், சபைக்காரர்கள், தெருக்காரர்கள் எல்லாரும் போட்டு முடித்த பிறகு தானும் ஒரு பிடி போட்டுவிட்டு, வீட்டுக்கு வராமலே சாயங்கால ரயிலுக்குப் போனான். அப்பா வெகுநேரம் கையை நீட்டியபடியே நின்றார்.

இப்போது அவர்கள் யாரும் இல்லை. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த வீடு இடிந்து அங்கே விறகு அடுக்கியிருக்கிறார்கள். சாரல் மட்டும் வருகிறது. ஆண்டவருடைய தம்பிமாரைப் பற்றி வாதாட யாருக்கும் பொழுதில்லை. என் பிள்ளைகள் என் அக்கா மக்களை அண்ணன் என்று கூப்பிடுவதில்லை, "கசின்" என்கிறார்கள். அதில் சண்டைக்கே வழியில்லை.

அக்காவின் கல்யாணத்துக்கு முந்தின வருஷம் எடுத்த படம் ஒன்று என்னிடம் இருக்கிறது. அதில் அப்பாவின் தோளுக்குமேல் தெரியும் பையன் யார் என்று மகள் கேட்டாள். என் அண்ணன் என்றேன். "சொந்த அண்ணனா?" என்றாள்.

ஆமாம் என்றால் அப்பா அன்றைக்குச் சொன்னது நினைவுக்கு வருகிறது. இல்லை என்றால் அம்மாவின் முகம் வருகிறது.

"எங்க அம்மாவுக்கு மூத்த மகன்" என்றேன்.