பெனால்டி பார்க்காத ரிஸ்வான்

ஒரு பந்தாட்டத்துக்காக ஒரு மனிதர் தன் மச்சானோடு ஒரு வருடம் கதைக்காமல் இருப்பாரா? இதைக் கண்ணால் பார்க்கத்தான் போன மாதம் ஒரு சனிக்கிழமை மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குக் கிளம்பினேன்.

தோப்பூர் ரிஸ்வான் என் பழைய அலுவலக நண்பர். கோபப்படவே தெரியாதவர் என்று நினைத்திருந்தேன். சென்ற வருட இறுதியாட்டத்தில் தோப்பூர் அணியின் கோல் காப்பாளர் நாசிர் கடைசிப் பெனால்டியைக் கோட்டைவிட்டார். நாசிர் ரிஸ்வானின் மனைவி பரீனாவின் தம்பி. அன்றோடு பேச்சு நின்றது. இப்போது நாசிருக்குக் கல்யாணம், ரிஸ்வான் வரமாட்டாராம். “என்ட தம்பிட கல்யாணத்துக்கு நான் தனியப் போறதா?” என்று பரீனா போனில் அழுதார்.

காலை ஆறு மணி பஸ். வெருகல் வழியாகத் தோப்பூருக்கு ஏறக்குறைய மூன்று மணித்தியாலம், 350 ரூபாய். வலப்பக்க யன்னலைப் பிடியுங்கள், வாகரையில் கடல் தெரியும்.

அன்றுதான் இந்த வருட இறுதியாட்டம். மத்தியானம் ரிஸ்வானோடு தோப்பூர் ரசிகர்களின் வாடகை பஸ்ஸில் ஏறும்போது என் பையைச் சோதித்தார்கள். என்ன தேடுகிறீர்கள் என்றேன்.

“வெடி. போன வருசம் வெண்டாக் கொளுத்த வெடி வாங்கிக்கொண்டு போய்த்தான் தோத்த நாங்க.”

சொன்னவர் வங்கி அதிகாரி. நான் சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை.

திருகோணமலை நகரத்துக்கு நாற்பது கிலோமீற்றர். கிண்ணியாப் பாலத்தில் தண்ணீரைப் பார்த்தது நான் மட்டும்தான். மற்றவர்கள் இந்த வருடமும் கோல் காக்கும் நாசிரின் முழங்கால் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். ஓர்ஸ் ஹில் பக்கம் இறங்கித் திடலுக்கு நடந்தோம். எதிரணி கிண்ணியா. ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்து, மறுபடியும் பெனால்டிக்கு வந்து நின்றது.

“எனக்குப் பாக்க ஏலா” என்று ரிஸ்வான் எழுந்து மதிலுக்கு வெளியே தேநீர்க் கடைக்குப் போய்விட்டார். நானும் பின்னால் போனேன். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. வென்றால் உங்களுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டேன்.

“ஒண்டுமில்ல. தோத்தா மட்டும் நானே தோத்த மாதிரி. பிறகு ஆரையாவது குத்தம் சொல்லாட்டி நித்திரை வராது.”

உள்ளே பெரிய ஆரவாரம். யாருடையது என்று வெளியிலிருந்து தெரியவில்லை. சற்று நேரத்தில் வெடி படபடத்தது. எங்கள் பஸ்ஸில் ஒரு வெடிகூட இல்லையே! ரிஸ்வானின் முகம் செத்துப்போனது. “முடிஞ்சிது” என்று எழுந்தார்.

பஸ்ஸுக்குத்தான் போவார் என்று நினைத்தேன். திடலுக்குள் நுழைந்தார். இரண்டு ஊர்ச் சனமும் ஒன்றாய்க் கலந்து நின்றது. கோல் கம்பத்தடியில் நாசிர் தலையைக் கவிழ்த்து அழுதுகொண்டிருந்தார். ரிஸ்வான் பக்கத்தில் குந்தினார்.

“நாசிர், விளையாட்டெண்டாத் தோக்கும்தான். ஒரு வருசமா நான் செஞ்சது பெரிய பிழை. மன்னிச்சிரு.”

நாசிர் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “மச்சான், நாம வெண்டிட்டம்.”

கிண்ணியாக்காரர் தாங்கள் கொண்டுவந்த வெடியை எங்கள் ஆட்களிடமே கொடுத்திருக்கிறார்கள், இனி தங்களுக்கு எதற்கு என்று. ஆட்டம் முடிந்துவிட்டால் எங்கள் ஆட்கள் வெடியில் ராசி பார்ப்பதில்லையாம். ரிஸ்வான் புல்லில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். எனக்கும் கண் கலங்கியது.

நீங்களும் இப்படி ஒரு இறுதியாட்டம் பார்க்கப் போனால் இரண்டு அணியின் நிறத்திலும் சட்டை போடாதீர்கள். குடையும் தண்ணீரும் அவசியம். இரவு தங்க முதலே இடம் பாருங்கள், திரும்பும் பஸ்ஸை நம்ப முடியாது. பெனால்டி நேரத்தில் யாரிடமும் கேள்வி கேட்காதீர்கள். நான் கேட்டுத் தப்பியது என் அதிர்ஷ்டம்.

திரும்பும் வழியில் பஸ் முழுக்கப் பாட்டு. வென்றது முதலே தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று ரிஸ்வானிடம் கேட்டேன்.

“ஓடிப்போய்க் கட்டிப்பிடிச்சிருப்பன்” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “மன்னிப்புக் கேட்டிருக்க மாட்டன்” என்றார்.