கல் தலைகள் இருந்த கூடம்

பாரிசில் நான் வேலை செய்யும் அருங்காட்சியகத்தில் பிற மொழிகளிலும் சுற்றிக்காட்டத் தொடங்கியபோது, தமிழுக்கு என்னைக் கேட்டார்கள். அதுவரை அங்கே பிரெஞ்சில்தான் வழிகாட்டிக்கொண்டிருந்தேன். இடைக்காலத் தேவாலயங்களின் சிற்பங்களையும் வண்ணக் கண்ணாடிகளையும் தமிழில் விளக்க முதலில் வாய் வரவில்லை. வீட்டில் தனியே பேசிப் பழகினேன். தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலில் தெரிந்த கடைகளில் சொல்லிவைத்தேன். முதல் ஞாயிற்றுக்கிழமை ஒரு சிறு கூட்டம் வந்தது. அவர்களோடு என் அக்காவும் வந்தார்.

அக்கா வன்னியில் வாழ்க்கைப்பட்டவர். போர் முடிந்த நாட்களில் அத்தானை இராணுவத்தினர் விசாரணைக்கென்று பஸ்ஸில் ஏற்றிப் போனார்கள். அக்கா பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். பிறகு ஒரு தகவலும் இல்லை. பாரிசுக்கு வந்து, புறநகரான பியர்ஃபித்தில் எங்களோடு தங்கி, உணவகச் சமையலறையில் வேலைக்குப் போன பிறகும், அத்தான் அடுத்த மாதம் வந்துவிடுவார் என்பதுபோலத்தான் பேசுவார். அவர் இனி இல்லை என்பதை அக்கா என்றைக்கு ஏற்றுக்கொள்வார் என்று நானும் கணவரும் எங்களுக்குள் பேசிக்கொள்வோம்.

அந்த ஞாயிறு முதலில் நுழைந்த கூடத்தில் கல் தலைகள் வரிசையாக இருந்தன. சிலவற்றுக்கு மூக்கு இல்லை, சிலவற்றுக்குத் தாடை இல்லை. ஒரு தேவாலயத்தின் முகப்பில் நின்ற அரசர்களின் தலைகள் என்றேன். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் சிலைகளை இறக்கித் தலைகளை வெட்டிவிட்டார்கள். அழிந்துபோயின என்றே எல்லோரும் நம்பியிருந்தார்கள். நெடுங்காலம் கழித்து ஒரு வீட்டு முற்றத்தில் மண்ணுக்குள்ளிருந்து வெளிவந்தன என்றேன்.

“ஆர் தேடினவை?” என்று அக்கா கேட்டார்.

“ஒருத்தரும் தேடேல்லை அக்கா. கட்டட வேலைக்குக் கிண்டேக்கை கண்டவை.”

“முகம் அடையாளம் தெரிஞ்சுதோ?”

“ஓம். கொஞ்சம் தெரிஞ்சுது.”

கூட்டம் தலைகளை நெருங்கி வந்தது. வந்தவர்களில் பலரும் வன்னிச் சனம். அக்கா ஒரு தலைக்கு முன்னால் போய் நின்று, அதன் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கல்லெண்டபடியால் அழியாமல் கிடந்திருக்கு,” என்றார்.

அடுத்த அறையில் வண்ணக் கண்ணாடிகள். அங்கே நான் என்ன சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை.

திரும்பும் வழியில் லா ஷப்பலில் இறங்கியதும், அக்கா கடைப்பக்கம் போகாமல் பஜோல் தெருவுக்குத் திரும்பினார்.

“எங்கை அக்கா?”

“பிள்ளையார் கோயிலுக்கு. ஐயரைக் கேக்கோணும். உன்ரை அத்தானுக்கு ஒரு திவசம் செய்வம்.”

அக்காவின் வாயிலிருந்து வரவேண்டும் என்று வருடக்கணக்காக நான் காத்திருந்த சொல் அது. கேட்டதும் நடைபாதையிலேயே நின்று அழுதேன். அக்கா அழவில்லை. என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்.

“திதி தெரியுமோ அம்மா?” என்று ஐயர் கேட்டார்.

“பஸ்ஸிலை ஏத்தின நாள் தெரியும்.”

“அதையே வைப்பம்,” என்றார் ஐயர்.

திவசத்தை வீட்டில் செய்தோம். அத்தானின் படத்துக்குப் போடுவதற்கு அக்காவே மாலை வாங்கிவந்திருந்தார். ஐயர் போடச் சொன்னபோது, மாலையைக் கையில் வைத்தபடி அப்படியே நின்றார். ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். அக்காவின் கை எழவில்லை. கடைசியில் அதை வாங்கி நான்தான் போட்டேன்.