சந்தனம் அடைத்த மூடி

என் அக்காள் வீட்டுக்காரரிடம்தான் நான் இங்கிலீஷ் படித்தேன். அந்த மாதிரி ஒரு தண்டனை எதிரிக்குக்கூட வரக்கூடாது என்று பெரிய மனதோடு சொல்ல ஆசைதான். மனது வரவில்லை. அவருக்கு வந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன்.

அறுபதுகளின் தொடக்கம். இலுப்பூர்ப் பக்கம் கிணற்றை நம்பிய காடு கொஞ்சம் இருந்த வீடு. எனக்கு இருபத்தொரு வயது. அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்திருந்தார்கள். எஸ்.எஸ்.எல்.சி.யில் இங்கிலீஷில் மட்டும் இரண்டு தடவை கோட்டை விட்டுவிட்டு, அக்காள் வீட்டில் உலை வைத்து, அவள் பிள்ளைகள் இரண்டையும் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். இன்னொரு தடவை தனியாக எழுதித் தேறினால் புதுக்கோட்டையில் டீச்சர் ட்ரெயினிங் சேரலாம். இல்லாவிட்டால் ஆயுசுக்கும் அந்த அடுப்படிதான். பரீட்சைக்கு அனுப்பும் பாரத்தில் வீட்டுப் பெரியவர் கையெழுத்துப் போட வேண்டும். அந்த வீட்டில் பெரியவர் அத்தான்.

அத்தான் ஏதோ ஒரு ஆபீசில் குமாஸ்தா. சாயங்காலம் காபியைக் குடித்துவிட்டு எனக்குப் பாடம் எடுப்பார். நான் தேற வேண்டும் என்பதற்காக இல்லை. தெருவில் போகிறவர்களுக்கு அவர் இங்கிலீஷ் கேட்க வேண்டும் என்பதற்காக. கட்டாயம் என்றால் மஸ்ட், அனுமதி என்றால் மே, முடியும் என்றால் கேன், செய்தால் நல்லது என்றால் ஷுட். உதாரணங்களை வீட்டிலிருந்தே எடுத்துக்கொள்வார். யூ மஸ்ட் வாஷ் த வெசல்ஸ். யூ மஸ்ட் நாட் டாக். எப்போதாவது மனது குளிர்ந்தால், யூ மே ஈட் நவ். வேலை எல்லாம் மஸ்டில் வந்தது, சோறு மட்டும் மேயில் வந்தது.

பரீட்சையில் வருஷா வருஷம் ஒரு கண்டுபிடிப்பை விவரிக்கச் சொல்வார்கள். முதல் தடவை நோட்ஸ் புத்தகத்திலிருந்து ஏரோப்ளேனை வரி விடாமல் நெட்டுருப் போட்டுக்கொண்டு போனேன். தையல் மிஷினைக் கேட்டுவிட்டார்கள். நான் அசரவில்லை. ஏரோப்ளேன் என்று வந்த இடத்தில் எல்லாம் தையல் மிஷின் என்று மாற்றி எழுதிவிட்டு வந்தேன். அதில் முப்பது பேர் உட்கார்ந்து கடல் தாண்டிப் போகலாம் என்று நான் எழுதியதை அத்தான் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். வருகிறவன் போகிறவன் எல்லாம் என்னைப் பார்த்து, "தையல் மிஷின் பறக்குதாமே?" என்று கேட்டான்.

அந்த வருஷம் தண்ணீர் இறைத்த கமலை மாடுகளை விற்றுவிட்டுக் கிணற்றுக்கு ஆயில் எஞ்சின் வாங்கினார்கள். கூடவே இங்கிலீஷில் ஒரு சின்னப் புத்தகம் வந்தது. அத்தானுக்குக் கொம்பு முளைத்துவிட்டது. அதுவே என் பாடப் புத்தகம் ஆனது. எண்ணெய் டேங்க்கின் மூடியில் இருக்கும் சின்னத் துளை எப்போதும் திறந்தே இருக்க வேண்டும் என்று அதில் ஒரு வரி. மஸ்ட் வருகிறதே என்று அந்த வரியைப் பத்துத் தடவை எழுத வைத்தார். எழுதி முடித்த மறுநாள் காட்டுக்குச் சோறு கொண்டுபோனபோது எஞ்சின் பக்கம் போய்ப் பார்த்தேன். டேங்க் இருந்தது. கேப் இருந்தது. கேப்பின் நடுவில் ஊசி நுழைகிற அளவுக்கு ஹோல் இருந்தது. அதைத் தொட்டுப் பார்த்தேன். இங்கிலீஷ் வார்த்தை ஒன்று என் விரலுக்குத் தட்டுப்பட்டது அன்றைக்குத்தான். அத்தான் ஒரு நாளும் அப்படிப் பார்த்ததில்லை. அவருக்கு இங்கிலீஷ் காகிதத்தோடு சரி.

புரட்டாசியில் பாரம் வந்தது. அத்தானிடம் நீட்டினேன்.

"நீ போயிட்டா இங்கிட்டு யாரு பாக்குறது? தையல் மிஷின்ல பறந்து வருவியோ?" என்றார். கையெழுத்துப் போடவில்லை. அக்காள் தலை நிமிராமல் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவள்மேலும் எனக்குக் கோபம்தான்.

சரஸ்வதி பூஜை வந்தது. புத்தகங்களை அடுக்கி விளக்கு ஏற்றியதும் அத்தான் கிண்ணத்தோடு காட்டுக்குப் போய் எஞ்சினுக்குச் சந்தனம் வைத்தார். முதல் வருஷம் அல்லவா, சக்கரம், குழாய், கைப்பிடி என்று ஒன்று பாக்கியில்லை. டேங்க் மூடிக்கு நெற்றி மாதிரி பெரிதாக ஒரு அப்பு அப்பி, நடுவில் குங்குமமும் வைத்தார்.

விஜயதசமிக்கு மறுநாள் எஞ்சினை ஓட்டினார்கள். கொஞ்ச நேரம் ஓடி நின்றது. விட்டு ஓட்டினால் மறுபடி ஓடியது, மறுபடி நின்றது. அத்தான் ஹேண்டிலைச் சுற்றிச் சுற்றி வியர்த்துப்போனார். எஞ்சின் ரிப்பேர் பார்க்கிற பிட்டர் பூஜைக்குச் சொந்த ஊர் போயிருந்தார், வர நாலு நாள் ஆகும். ஐப்பசி பிறக்கப் போகிறது, மழையைக் காணோம். நட்டு ஒரு வாரம் ஆன மிளகாய்க் கன்று தலை தொங்கியது. திரும்பக் கமலை கட்டி இறைக்க மாடும் இல்லை.

"வீட்டுக்கு விலக்கா இருக்கையில எஞ்சினைத் தொட்டியா?" என்று சோறு கொண்டுபோயிருந்த என்னை எல்லோர் முன்னாலும் கேட்டார்.

அவமானத்தில் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எஞ்சினைப் பார்த்தேன். காய்ந்த சந்தனத்துக்கு அடியில் அந்தத் துளை. பத்துத் தடவை எழுதிய வரி. டேங்க்குக்குள் காற்றுப் போக வழி இல்லாமல் எண்ணெய் இறங்கவில்லை. அந்த நிமிஷமே எனக்குப் புரிந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, மறுநாளும் சொல்லவில்லை. அவர் தவிப்பதைப் பார்க்க அவ்வளவு திருப்தியாக இருந்தது. நான் அடுப்படியில் இருந்தேன். அக்காள் கிணற்றுப் படியில் இறங்கிக் குடம் குடமாய் மொண்டு கன்றுகளுக்கு ஊற்றினாள். இரண்டாம் நாள் பாசிப்படியில் வழுக்கி முழங்கால் வீங்கியது. பற்றுப் போட்டு, துணியைச் சுற்றிக்கொண்டு, மூன்றாம் நாளும் இறங்கினாள். நான்தான் பற்று அரைத்துக் கொடுத்தேன்.

மறுநாள் பிட்டர் வந்தால் மூடியைத்தான் முதலில் பார்ப்பார். அதனால் மூன்றாம் நாள் சாயங்காலம் பாரத்தை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போனேன்.

"எஞ்சின் எதுக்கு நிக்கிதுன்னு எனக்குத் தெரியும் அத்தான். கையெழுத்துப் போடுங்க, சொல்றேன்."

"மெரட்டுறியா?"

"கேக்குறேன்."

"சொல்லி, ஓடலைன்னா?"

"உங்க கையாலயே கிழிச்சுப் போட்டுருங்க."

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, எஞ்சின் மேலேயே பாரத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். மை காயும் வரை நின்றேன். பிறகு எஞ்சின் கொட்டகைக் கூரைத் தென்னங்கீற்றில் ஒரு ஈர்க்குச்சியை உருவி, மூடித் துளையில் குத்தினேன். சந்தனம் பொருக்காக உதிர்ந்தது. அத்தான் ஹேண்டிலைச் சுற்றினார். எஞ்சின் ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. அத்தான் முகத்தில் ஈயாடவில்லை. அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை. நானும் அதைக் குறையாக நினைக்கவில்லை.

வாய்க்காலில் தண்ணீர் வந்தபோது அக்காள் குடத்தோடு வரப்பில் நின்றாள். தண்ணீரைப் பார்த்தாள், என் கையிலிருந்த பாரத்தைப் பார்த்தாள்.

"எப்பப் புள்ள தெரிஞ்சிச்சு ஒனக்கு?"

"இப்பத்தான் அக்கா."

சரி என்று தலையாட்டினாள். குடத்திலிருந்த தண்ணீரைக் கீழே கொட்டாமல் பக்கத்துக் கன்றுக்கே ஊற்றினாள்.

பங்குனியில் பரீட்சை. காலையில் பஸ்ஸுக்குக் கூட வந்தது அக்காள்தான். அந்தக் கால் சரியாகவே இல்லை, இழுத்து இழுத்துத்தான் நடந்தாள். என் பையையும் கட்டுச்சோற்றையும் அவளே தூக்கிக்கொண்டாள், கேட்டும் தரவில்லை. தூரத்தில் பஸ் தெரிந்ததும் பையை என்னிடம் கொடுத்தாள்.

"நல்லா எழுது. என்னத்தக் கேட்டாலும் ஆயில் எஞ்சினையே எழுதிராத," என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவளும் சிரித்தாள். பிறகு என் முந்தானையைச் சரி செய்துகொண்டே, குரலை உயர்த்தாமல் சொன்னாள்:

"மொத நாளே சொல்லியிருக்கலாம் புள்ள. எங்கிட்ட மட்டுமாச்சும்."

பஸ் வந்து நின்றது. நான் ஏறி உட்கார்ந்தேன். அவள் திரும்பி நடப்பதைப் பார்க்க முடியாமல் மறுபக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.