பூட்ட மறந்த பென் டிரைவ்

ஐந்து வயதில் நூல்போல் இருந்தாள் என்று அண்ணன் வைத்த பெயர், முப்பத்து நான்கு வயதிலும் அவளை விடவில்லை. கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள்கூட "நூலு இருக்காங்களா?" என்றுதான் கேட்பார்கள்.

கடை என்பது பத்தடிக்குப் பதினான்கடி அறை. வாசல் பக்கம் அண்ணனின் தையல் மிஷினும் வெட்டு மேசையும். உள்பக்கம், கேம் ஓடாத கம்ப்யூட்டர்களைப் பழுது பார்க்கும் அவளுடைய பலகை. அதன்மேல் ஒரு குழல் விளக்கு, கழற்றிய திருகுகளைப் போட்டு வைக்கும் டப்பாக்கள், கெட்டாலும் கவலையில்லை என்று சோதனைக்காகத் தனியே விட்டிருந்த ஒரு பழைய கம்ப்யூட்டர்.

அண்ணன் எட்டாவதோடு நின்றவர். நூலு பன்னிரண்டாவது முடித்து, ஆறு மாதப் பயிற்சி ஒன்றுக்குப் போய், மீதியைக் கெடுத்துத் திருத்தித் தானே கற்றவள். இரண்டு பேருக்கும் நோட்டில் எழுதாமல் கை ஓடாது. அவருடைய நோட்டில் மார்பு, இடுப்பு, கை நீளம். அவளுடைய நோட்டில் எந்த கம்ப்யூட்டர், எந்தத் தேதி, என்ன கோளாறு, என்ன செய்தாள் என்பது. கடைசிக் கட்டத்தில் "ஓடுது" என்று எழுதுவாள். கேம் திறந்து ஓடுவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அதை எழுதுவாள்.

அவளிடம் ஒரு கறுப்பு பென் டிரைவ் இருந்தது. பக்கவாட்டில் நகத்தளவு பூட்டு. அதைத் தள்ளிவிட்டால் பென் டிரைவில் இருப்பதைப் படிக்கலாம், புதிதாக எதுவும் உள்ளே ஏற முடியாது. வைரஸும் ஏறாது. நல்ல நிலையில் உள்ள சிஸ்டம் ஃபைல்களை அதில் சேர்த்து வைத்திருந்தாள். கேமைத் திறந்தால் "இந்த ஃபைல் பழுதாகிவிட்டது" என்று திரையில் வந்து நிற்கும் கம்ப்யூட்டர்களுக்கு, அந்த ஒரு ஃபைலை மட்டும் இதிலிருந்து எடுத்து வைப்பாள். ஐந்து நிமிட வேலை. பூட்டைத் திறந்தால் நோட்டில் "திறந்தேன்" என்று எழுதுவாள். மூடினால் "பூட்டினேன்".

ஆறாம் தேதி கடை வாசலில் புதுப் பெயர்ப் பலகை மாட்ட வேண்டும் என்று அண்ணன் ஒற்றைக்காலில் நின்றார். தையலுக்கு அல்ல. தங்கைக்கு. 'எந்த கேமும் ஓடும்' என்று பெரிய எழுத்தில், பக்கத்தில் அவள் படத்தோடு.

"என் மூஞ்சியப் பாத்தா வர்றவங்களும் ஓடிருவாங்கண்ணே."

"நீ சும்மா இரு. போர்டுக்காரர் ஆறு மணிக்குக் கடையச் சாத்திருவாரு. போட்டோவ எதுலயாவது போட்டுக் குடு, சீக்கிரம்."

கையில் வேறொன்றும் சிக்கவில்லை. கறுப்பு பென் டிரைவைத் திறந்து படத்தை ஏற்றிக் கொடுத்தாள். அண்ணன் ஓட்டமாக ஓடினார். போர்டு அச்சடிக்கும் கடையின் கம்ப்யூட்டரில் ஒரு நாளைக்கு ஐம்பது பேருடைய பென் டிரைவ் ஏறி இறங்கும். அது எப்படிப்பட்ட சாக்கடை என்று நூலுவுக்குத் தெரியாததல்ல. ஆனால் அவர் திரும்பி வந்தபோது அவள் இரண்டு கம்ப்யூட்டர்களுக்கு நடுவே இருந்தாள். வாங்கி அப்படியே இழுப்பறையில் போட்டுவிட்டாள்.

ஒன்பதாம் தேதி கிரேன்காரர் வீட்டு கம்ப்யூட்டர் வந்தது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ஏணியில் கால் வழுக்கி விழுந்து, கழுத்துக்குக் கீழே எல்லாம் செயலிழந்து, வலது கையில் மூன்று விரலில் மட்டும் அசைவு மிஞ்சியிருந்தது. ஆறு வருடமாகக் கட்டில்தான். துணி ஆலையில் இஸ்திரி வேலை பார்க்கும் அவர் மனைவி கம்ப்யூட்டரை இடுப்பில் பிள்ளையைத் தூக்குவதுபோலத் தூக்கி வந்திருந்தார்.

"லாரி ஓட்டுற கேம்மா. கரன்ட் போயி வந்துச்சு, அதுலேருந்து தெறக்கல. ரெண்டு நாளா மனுசன் வாயத் தெறக்கல."

"அவரே ஓட்டுவாராக்கா?"

"ஸ்டியரிங் அவரு, மவுசு வெச்சு. கேஸு, பிரேக்கு எல்லாம் என் கொழுந்தன் அழுத்துவான். ஞாயித்துக்கிழமையானா ரெண்டு பேரும் உக்காந்துருவாங்க. ஊரு ஊரா சுத்திட்டு, சாயந்தரம் பசிக்குதுன்னு சொல்வாரு பாரு, அந்த ஒரு நாள்தான் அவரு வாய்விட்டுக் கேட்டு சாப்பிடுவாரு."

கறுப்பு பென் டிரைவிலிருந்து அந்த ஃபைலை எடுத்து வைத்தாள். லாரி உறுமிக்கொண்டு கிளம்பியது. "ஓடுது" என்று எழுதினாள்.

பதினெட்டாம் தேதி அதே கம்ப்யூட்டர் திரும்பி வந்தது. இந்த முறை எந்த கேமும் திறக்கவில்லை. சோதித்தால் நானூறுக்கும் மேற்பட்ட ஃபைல்களில் வைரஸ்.

"எனக்குத் தெரியும்மா," என்றார் மனைவி. "கொழுந்தன்தான். போன ஞாயிறு எங்கேயோ ஒரு பென் டிரைவ் வாங்கிட்டு வந்து புது லாரி, புது லாரின்னு போட்டான். அண்ணனுக்கு இருந்த ஒண்ணே ஒண்ணயும் கெடுத்துட்டியே, இனிமே படி ஏறாதேன்னு சொல்லிட்டேன்."

நூலு தலையாட்டினாள். கொழுந்தனாகத்தான் இருக்கும் என்று அவளும் நினைத்தாள். ஆனால் மாலைக்குள் வேறு இரண்டு வீடுகளிலிருந்து அதே வைரஸோடு இரண்டு கம்ப்யூட்டர்கள் வந்தன. அந்த வீடுகளுக்கும் கொழுந்தனுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினாள். ஆறாம் தேதியில் "திறந்தேன்" இருந்தது. அதற்குக் கீழே, அடுத்த பக்கத்தில், அதற்கடுத்த பக்கத்தில், எங்கேயும் "பூட்டினேன்" இல்லை. அதற்குப் பிறகு அந்த பென் டிரைவைச் செருகியது ஆறு வீட்டு கம்ப்யூட்டர்களில்.

கறுப்பு பென் டிரைவைப் பழைய கம்ப்யூட்டரில் செருகினாள். கிரேன்காரருக்கு எடுத்து வைத்த ஃபைலின் அளவையும் கம்பெனியின் அசல் சிடியில் இருக்கும் அதே ஃபைலின் அளவையும் அருகருகே வைத்துப் பார்த்தாள். அவளுடையது கொஞ்சம் பெரிதாக இருந்தது. அந்தக் கொஞ்சம்தான் வைரஸ்.

நோட்டை எடுத்துப்போய் அண்ணனிடம் நீட்டினாள். "நான்தாண்ணே பரப்பியிருக்கேன். ஆறு வீட்டுக்கு."

அவர் நோட்டைப் படித்தார். ஆறாம் தேதி வரியில் விரல் நின்றது. போர்டுக்காக அவர் அவசரப்படுத்திய நாள் என்பது அவருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். விரலை எடுத்துக்கொண்டார்.

"சரி பண்ணிருவியா?"

"பண்ணிருவேன். ஆனா சொல்லணும்ல. அந்தக்கா கொழுந்தன வீட்டுக்குள்ள விடல."

"நீயா போயி எதுக்குச் சொல்லிக்கணும்? யாரு கேட்டா? போர்டு மாட்டி ரெண்டு வாரம் ஆகல. நாக்கு மேல பல்லப் போட்டுப் பேசுவானுங்க. நல்லா பண்ணிக் குடு, போதும். வீட்டுச் சண்டைதானே, தானா ஆறிரும்."

அவள் அவர் பேச்சைத் தட்டியதில்லை. கடைக்கு வந்திருந்த இரண்டோடு, மற்ற மூன்று வீட்டு கம்ப்யூட்டர்களையும் சும்மா பரிசோதிக்கிறேன் என்று சொல்லி வரவழைத்துச் சுத்தம் செய்தாள். கிரேன்காரருடையதற்கு இரண்டு நாள் பிடித்தது. டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டி, அவர் இத்தனை வருடம் ஓட்டிய தூரம் பதிவாகியிருந்த ஃபோல்டரை மட்டும் தனியே எடுத்து, மற்றதையெல்லாம் அழித்து, அசல் சிடியிலிருந்து எல்லாவற்றையும் புதிதாக ஏற்றினாள். தொண்ணூற்று மூவாயிரம் கிலோமீட்டர், ஒன்றுகூடக் குறையாமல் இருந்தது. திங்கட்கிழமை மனைவி வந்து எடுத்துப் போனார்.

"நல்லா இரும்மா. இனிமே அவன் கைய இதுமேல பட விடமாட்டேன்."

உண்மை நூலுவின் வாய்வரை வந்தது. அண்ணனின் மிஷின் ஓசை சட்டென்று நின்றது. அவள் விழுங்கிக்கொண்டாள்.

செவ்வாய், புதன், வியாழன். எந்த வேலையை எடுத்தாலும் நோட்டின் அந்த ஆறாம் தேதி வரி கண்ணுக்குள் வந்தது. வெள்ளிக்கிழமை ஒரே திருகை மூன்று முறை தவற விட்டாள். சனிக்கிழமை மத்தியானம் செருப்பை மாட்டினாள்.

"எங்க கிளம்பிட்டே?"

"சொல்லிட்டு வந்துர்றேண்ணே."

அவர் தைத்துக்கொண்டிருந்த காலரைப் பார்த்தார். நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். பிறகு கடையைச் சாத்திவிட்டுக் கூடவே நடந்தார். கிரேன்காரருடையது மூன்றாம் மாடி வீடு. மாடிப்படி அடியில் நின்றுகொண்டார். "நீ போயிட்டு வா" என்றார்.

அறையில் மருந்து வாசனை. கிரேன்காரர் சாய்ந்த கட்டிலில் இருந்தார். எதிரே திரையில் லாரி ஒரு பெட்ரோல் பங்கில் நின்றது. எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய மூன்று விரலும் மவுசின் மேல் அசையாமல் கிடந்தன.

நூலு உட்காரவில்லை. "அக்கா, உங்க கொழுந்தன் மேல தப்பில்ல. வைரஸ் என் பென் டிரைவ்லேருந்து வந்தது. பூட்ட மறந்துட்டேன். போன வாரமே எனக்குத் தெரியும்."

மனைவி கையிலிருந்த துண்டை நான்காக மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

"அவன் வியாழக்கிழமை கிளம்பிட்டாம்மா. கப்பல் வேலை. ரெண்டு வருசம்." குரல் உயரவில்லை. "கீழ டீக்கடைக்காரர்தான் சொன்னாரு. பையோட வந்து அரை மணி நேரம் நின்னுருக்கான். மேல ஏறல. நான்தான் ஏறாதேன்னு சொல்லிட்டேனே."

"போன்ல நான் பேசுறேங்க்கா. நானே சொல்றேன்."

"என் நம்பர எடுக்க மாட்டேங்குறான்." ஆனாலும் போனை நீட்டினார். நூலு அழைத்தாள். மணி அடித்து அடித்து நின்றது. பிறகு, யார், என்ன தவறு என்று தன் குரலிலேயே பதிவு செய்து அனுப்பினாள். போய்ச் சேர்ந்ததாகக் காட்டவில்லை.

"நீ திங்கக்கிழமையே சொல்லியிருக்கலாம்," என்றார் மனைவி. அவ்வளவுதான் சொன்னார்.

நூலு கட்டில் பக்கம் திரும்பினாள். "சார், நான் அழுத்தட்டுங்களா? கேஸ், பிரேக் எந்த பட்டன்னு எனக்குத் தெரியும்."

கிரேன்காரர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பட்டன் எல்லாருக்கும் தெரியும்மா. வளைவு வந்தா நான் மூச்ச இழுப்பேன். அதப் பாத்து அவன் பிரேக் அடிப்பான்." கொஞ்சம் கழித்து, "எஞ்சின ஆஃப் பண்ணிட்டுப் போ. டீசல் போகுது" என்றார்.

அவள் ஆஃப் செய்தாள்.

படி இறங்கினாள். அண்ணன் கைப்பிடியில் சாய்ந்து நின்றிருந்தார்.

"என்ன சொன்னாங்க? திட்டுனாங்களா?"

"இல்லண்ணே."

"கேம் ஓடுதுல்ல?"

"ஓடல." கொழுந்தன் கப்பல் வேலைக்குப் போய்விட்டதையும், பையோடு வந்து கீழே நின்றதையும் சொன்னாள். அவர் தான் நின்றிருந்த இடத்தைப் பார்த்தார். அரை மணி நேரம் அவன் நின்ற இடமும் அதுவாகத்தான் இருக்கும். வேறு இடம் அங்கே இல்லை.

சட்டைப் பையில் குத்தியிருந்த ஊசியைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படி ஏற ஆரம்பித்தார். மூட்டுவலிக்காரர். ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்துத்தான் ஏற முடிந்தது.

"அண்ணே, நான்தான் சொல்லிட்டேனே."

"நீ உன்னுது சொன்னே," என்றார் திரும்பிப் பார்க்காமல்.

மூன்றாம் மாடியில் கதவு தட்டும் சத்தம் கேட்டது. திறக்கும் சத்தம் கேட்க வெகுநேரம் ஆனது.